பைண்டிங்கைப் பிரித்து மறுபடி தைத்த ராணி காமிக்ஸ் தொகுப்பு

பழைய தமிழ் காமிக்ஸ் தேடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த இதழ்கள் தனித்தனியாக, அட்டையோடு, நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். கைக்கு வருவதில் பெரும்பாலானவை பைண்டிங்தான். யாரோ ஒருவர் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துவைத்து, பக்கத்துத் தெரு பைண்டரிடம் கொடுத்து, காலிகோ துணியில் முதுகு போட்டு அலமாரியில் அடுக்கியிருப்பார். தனி இதழாகவே இருந்தவை வகுப்பு முழுக்கக் கைமாறி, அட்டை போய், கடைசியில் எடைக்குப் போய்விட்டன. தடித்த அட்டைக்குள் போனவைதான் தப்பிப் பிழைத்தன.

அதனால் பைண்டிங் மேல் எனக்கு மரியாதை உண்டு. இப்போது சில இடங்களில் இந்தத் தொகுப்புகளை வாங்கி, முதுகைக் கிழித்து, இதழ் இதழாகப் பிய்த்து விற்கிறார்கள். தனி இதழுக்கு விலை அதிகம் என்பதுதான் காரணம். அப்படிப் பிய்க்கும்போது மடிப்பு கிழிகிறது. அதைவிட, ஒருவர் எந்த வரிசையில் எதையெல்லாம் சேர்த்தார் என்ற தகவலே அழிந்துபோகிறது. என் கையில் வந்த தொகுப்பைத் தொகுப்பாகவே வைத்துச் சரிசெய்வது என்று முடிவுசெய்தேன். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதேபோல் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கல்லூரிப் பாடநூல்களுக்கு அடியில் கிடந்தது இது. முதுகில் ஒட்டிய சின்னக் காகிதத்தில், மையில், கை நடுங்காத எழுத்தில் ‘ராணி காமிக்ஸ் - 1’ என்று எழுதியிருந்தது. உள்ளே 12 இதழ்கள். ராணி காமிக்ஸ் தினத்தந்தி குழுமத்திலிருந்து 1984 ஜூலையில் தொடங்கி 2005 வரை வந்தது. அதே 1984 ஜூலையில்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கியது. முத்து காமிக்ஸ் அதற்கு முன்பே, 1972-இல், இரும்புக்கை மாயாவியோடு வந்துவிட்டது. அந்த 1984-ஐ நினைத்தாலே எனக்கு ஒரு பரபரப்பு வரும். ஒரே மாதத்தில் இரண்டு காமிக்ஸ்! பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய நாட்கள் அவை.

இந்தத் தொகுப்பில் இருப்பவை ஆரம்ப கால இதழ்கள், அதாவது பெரும்பாலும் ஜேம்ஸ்பாண்ட். லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் 1958 முதல் தினமும் ஒரு துண்டாக வந்த படக்கதைகள் அவை. நாளிதழில் ஒரே வரிசையில் கிடந்த கட்டங்களைத் தமிழில் மேலும் கீழுமாக அடுக்கிப் பக்கமாக்கினார்கள். இந்த விவரம் பின்னால் வேலைக்கு வரும்.

ஆனால் கடையிலேயே என்னை நிறுத்திவைத்தது கதைகள் அல்ல, முதல் பக்கம். கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதிய பொருளடக்கம். வரிசை எண், கதைப் பெயர், நாயகன், கடைசியாக ‘எப்படி?’ என்று ஒரு பத்தி. அந்தக் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு கதைக்கும் தீர்ப்பு. ‘சூப்பர்.’ ‘பரவாயில்லை.’ ‘படம் நன்று, கதை புரியவில்லை.’ ஒன்றுக்கு மட்டும் ‘சூப்பர்’ என்று எழுதி, அடித்து, அதன்மேல் ‘மிக மிக சூப்பர்’ என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் முறை படித்த பிறகு மனம் மாறியிருக்க வேண்டும். என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்த தாள் எது என்று கேட்டால் இப்போது இதைத்தான் காட்டுவேன். அச்சடித்த இதழ் இன்னொரு பிரதி கிடைக்கலாம். இது ஒன்றே ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற புத்தகங்களோடு வைக்கவில்லை. அட்டையில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள், அடியில் மாவு மாதிரிப் பொடி. ராமபாணப் பூச்சி. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் குளிரில் வைத்துவிடுவது நல்லது. பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை டேப்பால் அடைத்து, இன்னொரு பையில் போட்டு, ஃபிரீஸரில் வைத்தேன். வீட்டு ஃபிரீஸர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி வரை போகும். இரண்டு வாரம் விட்டால் முட்டை, புழு எல்லாம் சாகும். வெளியே எடுத்த பிறகு பையை உடனே திறக்கக் கூடாது. முழுதாக அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாள், அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் தண்ணீர் வியர்த்து நேராகத் தாளில் இறங்கும். ரசகற்பூர உருண்டையை யாராவது சிபாரிசு செய்தால் கேட்க வேண்டாம். அதன் நெடி மனிதருக்குக் கெடுதல், பூச்சிக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லை.

அடுத்து, பிரிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி. எல்லா பைண்டிங்கையும் பிரிக்கத் தேவையில்லை. தையல் இறுக்கமாக இருந்து, பக்கங்கள் படிக்கிற அளவுக்குத் திறந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. இதில் நிலைமை வேறு. நூல் இரண்டு இடத்தில் அறுந்து, முதல் இரண்டு இதழ்கள் ஆடிக்கொண்டிருந்தன. நம் ஊர் பைண்டர்கள் வழக்கமாகச் செய்வது பக்கவாட்டுத் தையல். இதழ்களை அடுக்கி, முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்தூசியால் துளையிட்டு, மேலிருந்து கீழ்வரை மொத்தமாகத் தைத்துவிடுவார்கள். மிக உறுதியான தையல். ஆனால் உள் ஓரத்தை விழுங்கிவிடும். பாண்ட் பேசும் பலூனில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்புக்குள் மறைந்திருந்தது. விரித்துப் பார்க்க அழுத்தினால் தாள் தையல் கோட்டில் ஒடிகிறது. மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும். நாளாக ஆக அமிலம் ஏறி, மஞ்சளாகி, மடித்தால் முறியும். இன்னும் சில முறை படித்தால் போதும், அந்தக் கோட்டிலேயே பக்கங்கள் கையோடு வந்துவிடும்.

பிரிப்பதற்கு முன் ஒன்றை உறுதிசெய்துகொண்டேன். பைண்டர் கட்டிங் மெஷினில் எந்தெந்தப் பக்கம் வெட்டியிருக்கிறார்? மேல், கீழ், வெளி ஓரம் மூன்றையும் வெட்டியிருந்தார். அதில் சில அட்டைகளின் ஓரம் போயிருக்கிறது, அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. முதுகை மட்டும் வெட்டவில்லை. அதுதான் முக்கியம். முதுகையும் வெட்டியிருந்தால் எல்லாம் ஒற்றைத் தாள்கள். மறுபடி மடிப்பில் தைக்க வழியே இல்லை. இங்கே ஒவ்வொரு இதழும் சென்டர் பின் அடித்தபடியே, மடிப்பு முழுதாக இருந்தது.

பிரிப்பதற்கு முன்பும், ஒவ்வொரு கட்டத்திலும், போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவே கட்டரை ஓட்டி அட்டையை எடுத்தேன். உள்ளே முதுகு முழுக்க வெளிர் பச்சையாக ஒரு பசைத் தட்டு. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு! மைதா பசை காய்ச்சும்போது பூச்சி வராமலிருக்க நம் பைண்டர்கள் சேர்ப்பது. டவுன்ஹால் பக்கம் ஐம்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் சொன்னார்: “நல்லாத்தான் காய்ச்சியிருக்காப்ல. துத்தம் போடலீன்னா ரெண்டு மழைக்குத் தாங்காதுங்க தம்பி, பூச்சி தின்னு போடும்.” அவர் சொன்னது சரி. பூச்சித் துளையெல்லாம் வைக்கோல் அட்டையில்தான் இருந்தது. பச்சைப் பசை படிந்த முதுகில் ஒரு துளைகூட இல்லை. ஆனால் அதே செம்பு உப்பு நாள்பட்டால் தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும். முப்பது நாற்பது ஆண்டு காவல் காத்தது போதும், இனி எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

காய்ந்த பசையைச் சுரண்டி எடுக்க முயன்றால் மடிப்பும் சேர்ந்து வரும். ஈரம் காட்டித்தான் இளக்க வேண்டும். ஆனால் தண்ணீராக விட்டால் தாளில் ஏறி, நின்ற இடத்தில் பழுப்பு வரி விழும். இதற்கு மெத்தில் செல்லுலோஸ் தூள் கைகொடுக்கிறது. தண்ணீரில் கலந்து இரவு முழுக்க ஊறவைத்தால் கெட்டிக் கூழாகிவிடும். இதழ்களை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, முதுகு மட்டும் மேலே தெரியும்படி நிறுத்தி, அந்தக் கூழைத் தடவி, மேலே மெல்லிய பாலித்தீன் போர்த்தி 15 நிமிடம் விட்டேன். ஈரம் கூழுக்குள்ளேயே நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பசைக்குப் போகும். பிறகு ஐஸ்குச்சியின் முனையைச் சரிவாகச் சீவி, அதனால் வழித்தால் பச்சைப் பசை சுருள் சுருளாக எழுந்து வருகிறது. பார்க்க அவ்வளவு திருப்தியான காட்சி. ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் எடுத்து, காயவிட்டு, மறுநாள் அடுத்தது. அடியில் பழைய நூல் தெரிந்ததும் ஒவ்வொரு முடிச்சாக வெட்டி உருவினேன். இழுக்கவே கூடாது. நூல் அறுக்கிற கத்தியாகிவிடும்.

இதழ்கள் தனித்தனியாகக் கைக்கு வந்தன. அப்போதுதான் உள் ஓரம் முழுதாகத் திறந்தது. அதுவரை பாதி முகமும் பாதிச் சொல்லுமாகத் தெரிந்த கட்டங்கள் முழுக்கட்டமாக நின்றன. யாரோஸ்லாவ் ஹோராக் வரைந்த பாண்ட் கதைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்பு மையை அள்ளிப் போட்டிருப்பார். நிழலில் பாதி முகம் மூழ்கியிருக்கும், ஒரு கண் மட்டும் வெளிச்சத்தில். நாளிதழ்த் துண்டைப் பக்கமாக அடுக்கும்போது ஒரு கட்டம் உள் ஓரத்தை ஒட்டியே விழும். தொகுப்பில் அந்தக் கட்டங்கள்தான் பலியாகியிருந்தன. ஒரு பக்கத்தில், கதவருகே நிற்கும் ஆளின் கையில் துப்பாக்கி இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. கதையே வேறு மாதிரி ஆகிவிட்டது!

அப்புறம் பின்கள். ஒவ்வொரு இதழிலும் இரண்டு. எல்லாம் துரு. துரு ஏறிய பின் இரும்பாக மட்டும் இருப்பதில்லை, சுற்றியுள்ள தாளையும் தின்கிறது. மடிப்பைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்து, அந்த இடம் தொட்டாலே உதிரும். பின் எடுக்கிற கருவியைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய மெல்லிய கத்தியைப் பின்னின் காலுக்கு அடியில் விட்டு மெதுவாக நிமிர்த்தி, இரண்டு காலும் நேரானதும் இதழைத் திருப்பி, முதுகுப் பக்கமிருந்து இடுக்கியால் நேராக உருவ வேண்டும். சில பின்கள் நிமிர்த்தும்போதே பொடியாகிவிட்டன. துருப்பொடியை ஊதக் கூடாது, மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். இந்த வேலை முழுக்க மூக்கில் மாஸ்க் அவசியம். பழைய தாளின் தூசியில் பூஞ்சையும் இருக்கும்.

சுத்தம் செய்வதில் என் கொள்கை: குறைவாக. தூரிகை, அடுத்து வினைல் அழிப்பானைத் துருவி எடுத்த தூளை வெற்று ஓரங்களில் மட்டும் விரல் நுனியால் உருட்டுவது. அவ்வளவுதான். தாளை வெளுக்கப் பெராக்சைடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை பளிச்சென்று ஆகும், படம் எடுத்தால் அழகாக வரும். நியூஸ்பிரிண்ட்டின் மஞ்சள் அதன் வயது. அதை எடுக்க ரசாயனம் ஏற்றினால் ஏற்கெனவே நலிந்த நார் இன்னும் நலியும். நான் அதைத் தொடுவதில்லை.

சில இதழ்களின் முதல் பக்கத்தில் ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை இருக்கிறது. ஈரப் பஞ்சின் நுனியால் முத்திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி தொட்டுப் பார்த்தேன், பஞ்சில் உடனே ஊதா ஏறியது. ஸ்டாம்ப் பேடு மை தண்ணீரில் கரையும். ஆகவே அந்தப் பக்கங்களுக்கு ஈரமான எந்த வேலையும் கிடையாது என்று பென்சிலில் குறித்துக்கொண்டேன். இன்னொரு இதழில் ஒரு பையன் தன் பெயரை, வகுப்பை, பிரிவை எழுதி, கீழே ‘இந்தப் புத்தகத்தை எடுப்பவன் கை அழுகும்’ என்று எச்சரித்திருக்கிறான். அழிக்கச் சொன்னவர்களும் உண்டு. ஏன் அழிக்க வேண்டும்? வாடகை நூலகத்தில் தொடங்கி, ஒரு பள்ளிக்கூடப் பையில் இருந்து, பிறகு பொருளடக்கம் எழுதியவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணத்துக்கு வேறு ஆதாரம் எங்கே இருக்கிறது?

கிழிசலுக்குப் பசை. இதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். மைதாவை அப்படியே காய்ச்சினால் அதிலுள்ள பசைத்தன்மைப் புரதமும் சேர்ந்து வரும். நாளடைவில் மஞ்சளாகும், பூச்சிக்கு விருந்து. வேண்டியது மாவுச்சத்து மட்டும். அதை எடுப்பது நமக்குப் புதிதில்லை. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கத் தெரிந்தவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். என் வீட்டில் அம்மா. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, வடிகட்டி வைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்கும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி தங்கவிட்டு, தெளிவாகும்வரை இதையே செய்ய வேண்டும். “இவ்வளவும் பண்ணிட்டு ஒரு ஸ்பூன் நெய் ஊத்தாம விடறியேடா” என்பது அம்மாவின் வருத்தம். தங்கிய மாவை நிழலில் காயவைத்துப் பாட்டிலில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் விடாமல் கிண்டி, பால் நிறம் போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவிட்டு, மெல்லிய துணியில் தேய்த்து வடிக்க வேண்டும். கட்டியே இருக்கக் கூடாது. துத்தமும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் புதிதாகக் காய்ச்சுவதே வழி. இந்தப் பசையின் பெரிய குணம், பிற்காலத்தில் யாராவது எடுக்க நினைத்தால் ஈரம் காட்டினாலே விட்டுவிடும்.

கிழிசல்மேல் ஒட்ட, கோசோ என்ற செடியின் நாரில் செய்த ஜப்பானிய மெல்லிய தாள். 5 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 5 கிராம்) அளவில் வாங்கினேன், ஓவியப் பொருட்கள் விற்கும் இடங்களில் தருவித்துக் கொடுக்கிறார்கள். கத்தரியால் வெட்டக் கூடாது. நுனி மெலிந்த தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, வேண்டிய அளவுக்குத் தாளில் ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் இரு பக்கமும் மெதுவாக இழுத்தால் கோட்டோடு பிரியும். ஓரமெல்லாம் மெல்லிய நாராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் கிழிசலின் இரு கரையையும் பிடிக்கிறது. மோர் பதத்துக்குத் தளர்த்திய பசையை அந்தப் பட்டையில் தடவி, இடுக்கியால் தூக்கிக் கிழிசல்மேல் இறக்கி, உலர்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தட்டித் தட்டி நாரை நீவிவிட வேண்டும். மேலும் கீழும் பசை ஒட்டாத நெய்யாத பாலியஸ்டர் துணி, அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், மேலே ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் எடைக்கல். அரை மணி கழித்து ஒற்றுத்தாளை மாற்றி, இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால் எழுத்தின் மேலேயே ஒட்டியிருந்தாலும் எழுத்து படிகிறது, ஒட்டிய இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

முதலில் பாண்ட்மேல் கைவைக்கவில்லை. அட்டை போன பழைய வார இதழ் ஒன்றை வேண்டுமென்றே கிழித்து, அதில் கை பழகிய பிறகுதான் தொடங்கினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

செலோடேப் ஒட்டிய பக்கங்கள்தான் மனதுக்குக் கஷ்டம். அந்தக் காலத்தில் வீட்டில் கையில் கிடைத்த மருந்து அதுதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. நாற்பது வருடத்தில் மேலுள்ள பிளாஸ்டிக் தானாகவே உரிந்துவிடுகிறது, அதன் பசை மட்டும் தேன் நிறத்தில் தாளுக்குள் ஊறிப்போய் நிற்கிறது. இன்னும் ஒட்டியிருந்த துண்டுகளை முடி உலர்த்தியைத் தள்ளிப்பிடித்து லேசாகச் சூடேற்றி, தாளோடு படிந்த கோணத்திலேயே இழுத்து எடுத்தேன். மேலாக நிற்கும் பிசுக்கைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுக்கலாம். ஊறிய கறை போகாது. அதற்கு அசிட்டோன் போன்ற கரைப்பான்களை, புகை வெளியேற்றும் வசதியுள்ள பரிசோதனைக்கூடத்தில், படித்த பழுதுநீக்கும் நிபுணர்கள் பயன்படுத்துவார்கள். சமையலறை மேசையில் அது வேண்டாம், அச்சு மையும் சேர்ந்து ஓடிவிடும். கறை இருக்கட்டும், கிழிசலுக்கு மட்டும் பின்பக்கமாகப் புதுத் தாள் ஒட்டினேன்.

துரு தின்ற மடிப்புகளுக்கு, ஒவ்வொரு இதழிலும் வெளித் தாளுக்கும் நடுத் தாளுக்கும், மடிப்பின் நீளத்துக்கே அதே ஜப்பானியத் தாளைப் பட்டையாக ஒட்டினேன். காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய பின் துளைகள் நான்கும் தெரியும். மெல்லிய ஊசியால் அதே இடத்தில் குத்தித் திறந்துகொண்டேன்.

இனி தையல். பழைய பக்கவாட்டுத் தையலுக்கு மறுபடி போவதில்லை என்பது உறுதி. மடிப்பில்தான் தைக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். பின் அடித்த இடம் இதழுக்கு இதழ் சில மில்லிமீட்டர் மாறுகிறது. முறையாக நாடா வைத்துத் தைக்க வேண்டுமென்றால் எல்லா இதழிலும் துளை ஒரே கோட்டில் வர வேண்டும், அதற்குப் புதுத் துளை போட வேண்டும். ஏற்கெனவே பின் துளை நான்கு, பைண்டரின் குத்தூசித் துளை வரிசை ஒன்று. இதற்கு மேலும் குத்த எனக்கு மனமில்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. அமிலமில்லாத உறுதியான தாளை நீளமான பட்டையாக வெட்டி, விசிறி மடிப்பாக மடிப்பது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் இதழின் முதுகு உட்காரும். அந்தந்த இதழின் சொந்தத் துளைகள் வழியே, மடிப்புத் தாளையும் சேர்த்து, தேன்மெழுகு தடவிய லினன் நூலால் தைத்து, நடுப்பக்கத்தில் தட்டையாக ஒரு முடிச்சு. முன்பு இரும்புப் பின் இருந்த இடத்தில் இப்போது நூல், அவ்வளவுதான் மாற்றம். 12 இதழும் உட்கார்ந்த பிறகு விசிறி மடிப்பே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. வெளியே முதுகுக்குப் பசை தடவி, மெல்லிய பருத்தித் துணி ஒட்டினேன். அந்தப் பசை படுவது விசிறித் தாளின் வெளிப்புறத்தில் மட்டும். காமிக்ஸ்மேல் ஒரு துளி படாது. நாளை யாராவது பிரிக்க நினைத்தால் நூலை வெட்டினால் போதும், இதழ்கள் சுத்தமாகக் கழன்று வரும். இதழுக்கு இதழ் நடுவில் கால்சியம் கார்பனேட் சேர்த்த அமிலமில்லாத தாள் ஒன்று வைத்தேன். பக்கத்து இதழிலிருந்து பரவும் அமிலத்தைக் கொஞ்சமாவது அது வாங்கிக்கொள்ளும்.

அட்டை வேலையை அந்தப் பெரியவரிடமே கேட்டுச் செய்தேன். பழைய அட்டை வைக்கோல் அட்டை, பூச்சி அரித்தது, திரும்பப் போட முடியாது. புதிதாக அமிலமில்லாத அட்டை, மேலே கைத்தறிப் பருத்தித் துணி. என் விசிறி மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “மேசைமேல வச்சா கையை எடுத்தாலும் மூடிக்காதுங்களா?” என்று கேட்டு, அவரே வைத்துப் பார்த்தார். நடுவில் திறந்தபடி அப்படியே படுத்துக்கிடந்தது. முதுகில் இருந்த ‘ராணி காமிக்ஸ் - 1’ காகிதத்தைப் பழைய காலிகோவிலிருந்து ஈரக் கூழ் வைத்து எடுத்து, புது முதுகில் அதே உயரத்தில் ஒட்டினோம். கையெழுத்துப் பொருளடக்கம் பழையபடி முதல் பக்கம். அதன் ஓரத்தை மட்டும் மெல்லிய கீல் வைத்துப் பிடித்திருக்கிறது. பழைய அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை, தனியாகப் பாலிப்ரொப்பிலீன் உறையில் இருக்கின்றன. உறை வாங்கும்போது பி.வி.சி. இல்லை என்று கேட்டு வாங்க வேண்டும், பி.வி.சி. நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும்.

வைத்திருப்பது பருத்தித் துணியில் சுற்றி, படுக்கைவசமாக, இரும்பு பீரோவில், வெளிச்சுவரை ஒட்டாத பக்கம். உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 45-இலிருந்து 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. கோவையில் பெரும்பாலான மாதங்கள் இதற்குப் பெரிய பாடு இல்லை. சென்னை நண்பர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் கண்வைக்க வேண்டும்.

ஒன்று பாக்கி இருந்தது. ஏழாவது இதழில் ஒரு தாள் இல்லை, அதாவது இரண்டு பக்கம். மடித்த தாளில் ஒரு பாதி போனால் மறுபாதி அநாதையாக நிற்கும். இதுவரை பக்கவாட்டுத் தையல்தான் அதைப் பிடித்துவைத்திருந்தது. அதே இதழை வைத்திருக்கும் ஈரோட்டு நண்பர் ஒருவர் அந்த இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பினார். இளமஞ்சள் நிற அமிலமில்லாத தாளில் இரு பக்கமும் அச்செடுத்து, அதே அளவுக்கு வெட்டி, அநாதைத் தாளோடு ஜப்பானியத் தாள் கீலால் இணைத்து முழுத்தாளாக்கித் தைத்தேன். கீழ் ஓரத்தில் பென்சிலில் ‘நகல்’ என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பொருளடக்கத்தில் அந்தக் கதைக்கு நேரே இருக்கும் தீர்ப்பு ‘படம் நன்று, கதை புரியவில்லை’. அவரிடம் இருந்தபோதே அந்தத் தாள் இல்லாமல் போயிருக்கலாம். விட்டுப்போன இரண்டு பக்கத்தில்தான் வில்லன் யார் என்பதே தெரியவருகிறது.

முதுகில் ‘1’ என்று எழுதியிருப்பதால் ‘2’ என்று ஒன்று எங்கோ இருக்க வேண்டும். அதே கையெழுத்து, அதே அளவு காகிதம், நீலக் காலிகோ முதுகு. உக்கடத்துக் கடைக்காரர்களிடம் படத்தைக் கொடுத்துவைத்திருக்கிறேன். எங்கேயாவது உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து பிரிக்காமல் சொல்லுங்கள்.